கழற்ற முடியாதது

2003-இல் அமெரிக்காவில் ஒரு சின்ன ஆய்வு வெளிவந்தது. உள்ளங்காலில் சர்க்கரைப் புண் உள்ள இருபது பேர். புண்ணின் மேல் உடல் எடை இறங்காமல் தாங்கிக்கொள்ளும் உயரமான பூட்ஸ் ஒன்று அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. மாட்டலாம், கழற்றலாம். ஆனால் நடக்கும்போதெல்லாம் போட்டிருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் நடையை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. இன்னொன்று, நோயாளியின் கைக்கு எளிதில் எட்டாதபடி, பூட்ஸிலேயே இருந்தது. டேவிட் ஆர்ம்ஸ்ட்ராங்கும் அவர் கூட்டாளிகளும் இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். அந்த இருபது பேரின் அன்றாட நடையில் நூற்றுக்கு 28 பங்குதான் பூட்ஸோடு நடந்தது. மீதி நடை முழுவதும் புண்ணின் மேலேயே.

இப்படி மறைவாக எண்ணியது முறையா என்று ஒரு கேள்வி உண்டு. அதை இப்போதைக்கு ஒதுக்கிவைக்கிறேன், ஏனென்றால் எண் சொல்லும் சேதி பெரியது. இதைப் படித்ததும் கோபம் முதலில் நோயாளி மேல்தான் வருகிறது. “சொன்ன பேச்சைக் கேட்காத பேஷண்ட்” என்பது ஆஸ்பத்திரி வராந்தாக்களில் அன்றாடம் புழங்கும் வாசகம். ஆனால் அந்த இருபது பேரும் கால் போய்விடக்கூடும் என்று தெரிந்தவர்கள், ஆய்வுக்குச் சம்மதித்து வந்தவர்கள். நம் குதிகாலில் ஒரு நெருஞ்சிமுள் ஏறினால் நொண்டுகிறோம். நொண்டும்படி யாரும் நமக்கு அறிவுரை சொல்வதில்லை, சொல்லியிருந்தால் மறந்தும் போயிருப்போம். பாத்ரூமுக்குப் போகிற நாலு அடியில் பூட்ஸை மாட்டிக்கொள்ள நினைவு வைத்திருக்க வேண்டியவர், அந்த முள்ளின் வேலையைப் புத்தியால் செய்யச் சொல்லி விடப்பட்டவர். புத்திக்கு அவ்வளவு விழிப்பு கிடையாது.

சர்க்கரை நோய் நரம்பைக் கெடுக்கும் முறையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. இடுப்புக்கு அருகே, முதுகுத்தண்டை ஒட்டிய ஒரு செல்லின் இழை கால் கட்டைவிரல் நுனிவரை ஏறக்குறைய ஒரு மீட்டர் போகிறது. உடம்பில் மிக நீளமான அந்த இழைகளே முதலில், அதுவும் நுனியிலிருந்து மேல்நோக்கிப் பட்டுப்போகின்றன. சிலருக்கு ஆரம்பத்தில் எரிச்சல். ராத்திரியில் போர்வை பட்டாலே பாதம் திகுதிகுவென்று இருக்கும். பிறகு எரிச்சல் தானாகத் தணியும். குணமாகிவிட்டது என்று நிம்மதியடைபவர்கள் உண்டு. எரிவதற்கு அங்கே நரம்பு மிச்சமில்லை என்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். கூடவே வியர்வை நரம்புகள் போவதால் தோல் வறண்டு பித்தவெடிப்பு காண்கிறது. பாதத்தின் சிறு தசைகள் மெலிந்து விரல்கள் மடங்குகின்றன. எடை முழுவதும் விரல்களின் அடியிலுள்ள எலும்பு முனைகளில் இறங்கி, அங்கே ஆணி தடிக்கிறது. ஆணிக்குக் கீழே, மேல்தோல் மூடியிருக்கும்போதே, ரத்தம் கசிந்து குழி விழத் தொடங்கிவிடும். வெளியே தெரிவதற்குள் சாக்ஸில் ஒரு கறை, அல்லது வீட்டுத் தரையில் ஈரச் சுவடு. பல குடும்பங்களில் முதலில் அதைப் பார்ப்பது பேரப்பிள்ளைகள்தான்.

பெல்ஜியத்தின் ழான் பிரார் 1947 முதல் 1973 வரை 4,400 நோயாளிகளை விடாமல் தொடர்ந்து பார்த்தார். 25 வருடம் சர்க்கரையோடு வாழ்ந்தவர்களில் பாதிப் பேருக்கு நரம்பு கெட்டிருந்தது. சென்னையில் நடந்த பெரிய ஆய்வொன்றில் நால்வரில் ஒருவருக்கு மேல். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று மதிப்பிட்டது. இரண்டையும் பெருக்கிப் பார்ப்பது சரியான கணிதமாகாது என்று தெரிந்தும் மனம் பெருக்கிப் பார்த்துவிடுகிறது.

“சுகர்காரங்களுக்குப் புண்ணு வந்தா ஆறாது” என்பது நம் ஊரில் வேதவாக்கு. சர்க்கரையால் சதை உள்ளிருந்தே அழுகுகிறது என்று நம்புகிறோம். கிட்டத்தட்ட இதே நம்பிக்கை முன்பு இன்னொரு நோயைப் பற்றி இருந்தது. பெருவியாதிக்காரர்களின் விரல்கள் தாமாக அழுகி உதிர்கின்றன என்று உலகமே நம்பியது, மருத்துவர்களும் சேர்த்து. அந்த நம்பிக்கை உடைந்த இடம் செங்கல்பட்டும் வேலூரும். சர்க்கரைக் கால் பற்றிய இன்றைய அறிவின் கணிசமான பகுதி தொழுநோய் இல்லங்களின் கூடத்தில் பிறந்தது என்பதைச் சர்க்கரை நோய்க் கருத்தரங்குகளில் அதிகம் பேசிக் கேட்டதில்லை.

பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா அம்மா அங்கே மிஷனரிகள். அப்பா மலைக் காய்ச்சலில் செத்துப்போனார், அம்மா தொண்ணூறு தாண்டியும் மலைகளை விட்டு இறங்காமல் இருந்தார். லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு பிராண்ட் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த வருடம் செங்கல்பட்டு லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே ராபர்ட் காக்ரேன் பொறுப்பில் இருந்தார். தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து, முடிந்தமட்டும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். சக்தியற்ற பிடியை எதிர்பார்த்தவருக்கு வலியில் கத்தும்படி ஆகிவிட்டது, நகங்கள் அப்படிப் பதிந்தன. நோயாளிக்குத் தான் என்ன செய்கிறோம் என்றே தெரியவில்லை. செத்த கை என்று நினைத்ததில் இவ்வளவு பலமுள்ள தசை இருக்கிறது என்பது பிராண்டுக்குப் புரிந்தது. நல்ல தசையின் நாணை எடுத்து முடங்கிய விரலுக்குத் தைத்துவிடும் அறுவை சிகிச்சைகள் அதிலிருந்து தொடங்கின. மருத்துவருக்கு வலித்த அந்தக் கணம் மருத்துவ வரலாற்றில் ஒரு திருப்பம் என்பேன். வலி அன்று இருந்தது அவர் கையில் மட்டும்தான்.

துருப்பிடித்த பூட்டைத் தன்னால் திறக்க முடியாதபோது ஒரு சிறுவன் வந்து சாவியைத் திருகித் திறந்ததையும், அவன் விரலில் சாவி எலும்புவரை வெட்டியிருந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். ராத்திரியில் விரல்கள் காணாமற்போன மர்மத்துக்குக் காவல் இருந்து பார்த்ததில், தூங்குகிறவர்களின் விரலை எலி கடித்துக்கொண்டிருந்ததாகவும் எழுதுகிறார். அதன்பின் நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. இப்படி ஒவ்வொரு புண்ணாகத் துப்புத் துலக்கியதில் அவர் சேர்ந்த முடிவு இதுதான்: கிருமி நரம்பைத்தான் கொல்கிறது, விரல்களைக் கொல்வது பூட்டும் அடுப்பும் செருப்பில் ஏறிய கல்லும். சதை நல்ல சதையே. ஓய்வு கொடுத்தால் ஆறுகிறது.

ஓய்வு கொடுப்பதெப்படி? படுக்கையில் கிடத்தலாம், எழுந்து நடந்துவிடுவார்கள். இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் 1930-களிலேயே தொழுநோய்ப் புண்களுக்கு மாவுக்கட்டுப் போட்டு, அதோடேயே நோயாளிகளை நடக்கவிட்டார். எலும்பு முறியாத காலுக்கு மாவுக்கட்டு! பாதத்தின் ஒவ்வொரு வளைவோடும் ஒட்டிப் படிந்த கட்டு, எடையை ஒரே முனையில் இறங்கவிடாமல் உள்ளங்கால் முழுதும் கெண்டைக்காலுமாகப் பகிர்ந்துவிடுகிறது. பிராண்ட் இதை வேலூரில் கையாண்டார். 1966-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், கார்வில் என்ற ஊரிலிருந்த அரசுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது கூடவே கொண்டுபோனார். அந்த நாட்டில் தொழுநோயாளிகள் குறைவு. உணர்வற்ற பாதங்களோடு அலைந்த சர்க்கரைக்காரர்கள் ஏராளம். நோய் வேறு, பாதம் ஒன்றே.

ஒட்டுப்படிந்த அந்தக் கட்டு ஒழுங்கான பரிசோதனைக்கு உட்பட 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்று சொல்லமாட்டேன், முன்னரும் சோதனைகள் உண்டு. ஆனால் அந்த வருடம் ஆர்ம்ஸ்ட்ராங் குழு வெளியிட்ட ஒப்பீடு துலக்கமானது. மாவுக்கட்டு, கழற்றக்கூடிய பூட்ஸ், பாதிச் செருப்பு என மூன்று பிரிவாகச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். பன்னிரண்டு வாரத்தில் மாவுக்கட்டில் 89.5 சதவீதப் புண்கள் ஆறின, பூட்ஸில் 65, பாதிச் செருப்பில் 58.3. “ஆறாத புண்” பத்தில் ஒன்பது ஆறியிருக்கிறது. விசித்திரம் எங்கே என்றால், ஆய்வுக்கூடத்தில் அழுத்தத்தை அளந்தால் மாவுக்கட்டும் பூட்ஸும் பாதத்தைக் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத்தான் காப்பாற்றுகின்றன. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? மேலே சொன்ன 28 அதற்குப் பதில். 2005-இல் அதே குழு கடைசி ஆணியையும் அடித்தது. அதே பூட்ஸைப் பட்டையால் சுற்றிக் கழற்ற முடியாதபடி செய்துவிட்டு, கழற்றக்கூடியதோடு ஒப்பிட்டார்கள். கழற்ற முடியாததில் 82.6 சதவீதம் ஆறியது, கழற்றக்கூடியதில் 51.9. பொருள் ஒன்றே. கூடுதலாகச் சேர்ந்தது ஒரு சுற்றுப் பட்டை.

இந்த இடத்தில்தான் பிராண்டின் தோல்வி ஒன்று நினைவுக்கு வருகிறது. என் கணக்கில் அவருடைய வெற்றிகளைவிட அது முக்கியமானது. கார்வில்லில் அவர் செயற்கையாக வலியை உண்டாக்கப் பார்த்தார். அழுத்தத்தை உணரும் சிறு கருவிகள் பொருத்திய கையுறை, காலுறை. அளவுக்கு மீறி அழுத்தினால் காதில் ஓசை கேட்கும். நோயாளிகள் ஓசையைக் கேட்டார்கள், செய்துகொண்டிருந்த வேலையை முடித்தார்கள். விளக்கு வைத்துப் பார்த்தார், அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் அக்குளில் சுரீரென்று மின்சார அதிர்ச்சி. அது வலித்தது, சந்தேகமில்லை. அதனால் சுத்தியலைத் தூக்கவேண்டி வந்தால் கருவியை அணைத்துவிட்டு, அடித்து முடித்தபின் மறுபடி போட்டுக்கொண்டார்கள். வருடக்கணக்கில் பாடுபட்டும் திட்டம் கைவிடப்பட்டது. அறிவுள்ள, ஒத்துழைக்க விரும்பிய மனிதர்களே இப்படிச் செய்தார்கள் என்று அவர் ஆச்சரியத்தோடு பதிவு செய்கிறார். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. வலியின் அதிகாரம் அது துன்புறுத்துவதில் மட்டும் இல்லை, அணைக்கும் விசை நம் கையில் இல்லாததிலும் இருக்கிறது. அந்த விசையை நோயாளியிடம் கொடுத்த கணமே வலி வெறும் யோசனையாகத் தாழ்ந்துவிடுகிறது. அணைக்க முடிந்த கையுறை தோற்றதும் கழற்ற முடியாத மாவுக்கட்டு வென்றதும் ஒரே சோதனையின் இரு முனைகள் என்றுதான் எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் இடையே முப்பது வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது, இரண்டையும் ஒரே மூச்சில் பேசுகிறவர்கள் குறைவு.

கார்வில்லிலிருந்து வந்த இன்னொரு பொருள் இன்று உலகமெங்கும் மருத்துவர் மேஜையில் கிடக்கிறது. ஒரு கைப்பிடி, நுனியில் நைலான் இழை. பாதத்தில் செங்குத்தாக வைத்து அழுத்தினால் சரியாக 10 கிராம் விசையில் வளையும். அதற்குமேல் எவ்வளவு அழுத்தினாலும் வளைவுதான் கூடும், விசை கூடாது. ஜோசஃபின் செம்ஸ், சிட்னி வைன்ஸ்டைன் இருவரும் மூளைக்காயம் பட்டவர்களின் தொடு உணர்வை அளக்கச் செய்த இழைகள் இவை. எந்தத் தடிமன் உள்ளங்காலின் எல்லைக்கோடு என்று கண்டுபிடித்தவர்கள் கார்வில்லின் பிர்க்கும் சிம்ஸும். தொழுநோயாளிகளையும் சர்க்கரை நோயாளிகளையும் சேர்த்தே சோதித்தார்கள். 10 கிராம் இழை தெரிந்த ஒருவருக்கும் உள்ளங்காலில் புண் வந்திருக்கவில்லை. 1986-இல் அது வெளியானது ஒரு தொழுநோய் இதழில்.

சென்னையில் நீரிழிவு மையம் ஒன்றில் இந்தச் சோதனை நடப்பதைப் பார்த்திருக்கிறேன். நர்ஸ் முதலில் இழையைப் பெரியவரின் மணிக்கட்டில் தொட்டுக் காட்டினார். “இப்படித்தான் இருக்கும். கண்ண மூடிக்குங்கப்பா. தொட்டா சொல்லுங்க.” கட்டைவிரலடி. “ம்.” அதன் பின்புறத்து மேடு. பதில் இல்லை. சுண்டுவிரல் பக்கத்து மேடு. பதில் இல்லை. சற்று நேரம் கழித்து, இழை எதையும் தொடாமல் காற்றில் நின்றபோது, “தெரியுதும்மா, தெரியுது” என்றார். பொய் சொல்லும் முகம் இல்லை அது. கேள்வி கேட்பவரை ஏமாற்றக் கூடாது என்ற மரியாதைதான். சர்வதேச வழிகாட்டி நெறிகளே, தொடாமல் ஒருமுறையாவது கேட்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கின்றன. இந்த மரியாதை நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை போலும்.

இழையின் விலை அற்பம். மாவுக்கட்டும் அப்படியே. மூன்றாவது பொருளும் மலிவுதான், அதுவும் வேலூர்ப் பக்கத்துச் சரக்கு. 1950-களில் வேலூரிலும் கரிகிரித் தொழுநோய் நிலையத்திலும் பிராண்டின் குழு உணர்வற்ற பாதத்துக்கேற்ற செருப்பைத் தேடியது. காற்றுக் குமிழிகள் நிறைந்த மென்ரப்பர் அட்டையில் வந்து நின்றார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றும் பெயர். கையில் எடுத்துப் பார்த்தால் அதன் யோசனை புரியும். மேலே அமுங்கும் ரப்பர், கீழே முள் ஏறாத கெட்டி அடி. ஆணி கிடையாது, பசையால் ஒட்டியிருக்கும், ஏனென்றால் தேய்ந்த செருப்பில் மேலே கிளம்பும் ஆணியைக் கால் சொல்லாது. பின்னால் குதிகாலைச் சுற்றி ஒரு வார், ஏனென்றால் செருப்பு கழன்று நடுத்தெருவில் கிடக்க, தெரியாமல் பத்தடி நடந்துவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

ராயபுரத்தில் எம். விஸ்வநாதன் 1954-இல் தொடங்கிய நீரிழிவு மருத்துவமனையிலிருந்து, விஜய் விஸ்வநாதனும் குழுவினரும் 2004-இல் இந்தச் செருப்பு பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். 241 பேர், ஒன்பது மாதம். மென்தளச் செருப்பு அணிந்தவர்களில் புதிய புண் 4 சதவீதம் பேருக்கு, தங்கள் வழக்கமான செருப்பிலேயே இருந்தவர்களில் 33 சதவீதம் பேருக்கு. இதற்கு நேர்மாறான சாட்சியும் உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. 2002-இல் அமெரிக்காவில் 400 பேரை இரண்டு வருடம் பார்த்த ஒரு சோதனையில் விசேஷச் செருப்பால் குறிப்பிடத்தக்க லாபம் தெரியவில்லை. அந்த 400 பேரில் கணிசமானோருக்குக் கால் உணர்வு மீந்திருந்தது என்பது ஒரு சமாதானம். அவர்கள் ஊரில் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதில்லை, வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு திரிவதில்லை என்பது இன்னொன்று. சித்திரை வெயிலில் பிராகாரக் கருங்கல்லில் மூன்று சுற்று வந்துவிட்டு, ராத்திரி உள்ளங்காலில் கொப்புளங்களைப் பார்த்துத் திகைக்கும் மனிதரை அந்தச் சோதனை கணக்கில் எடுத்திருக்காது.

செருப்புக்கு நம் ஊரில் வேறொரு எதிரி இருக்கிறது. அதன் உருவம். பட்டை வார், தடித்த அடி, பெரும்பாலும் கறுப்பு. பார்த்த மாத்திரத்தில் “அந்த நோய்க்காரர் செருப்பு” என்று ஒரு தலைமுறை கண்டுகொள்ளும். பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் வாசலில் இது கிடக்கலாமா? தொழுநோய் இல்லத்திலிருந்து வந்த அறிவைத் தயக்கமின்றி வாங்கிக்கொண்டோம், அதன் அடையாளத்தை மட்டும் வாங்க மறுக்கிறோம். இப்போது இதையே பல வண்ணங்களில், சாதாரணச் செருப்பின் சாயலில் செய்கிறார்கள். விலை ஏறிவிட்டது. வெட்கத்தின் விலை அது.

இதே காலத்தில் மருந்து ஆய்வு என்ன செய்துகொண்டிருந்தது? நரம்புக்குள் சர்க்கரை வேறொரு பொருளாக மாறித் தேங்குவதைத் தடுக்க ஒரு வரிசை மருந்துகள் வந்தன. டால்ரெஸ்டாட் கல்லீரலைக் கெடுத்து 1996-இல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. அதே வகையில் எபால்ரெஸ்டாட் ஜப்பானிலும் இந்தியாவிலும் எழுதப்படுகிறது, உலகின் பெரும்பகுதி அதை ஏற்கவில்லை. 1993-இல் வெளியான பெரிய அமெரிக்கச் சோதனை, முதல் வகைச் சர்க்கரையில் கண்டிப்பான கட்டுப்பாடு நரம்புச் சேதத்தை 60 சதவீதம் குறைத்ததைக் காட்டியது. நம்மில் பெரும்பாலோருக்கு இருக்கும் இரண்டாம் வகையில் அந்தப் பலன் மிகச் சொற்பம். ஆக, செத்த நரம்பை எழுப்பும் மாத்திரை இன்றுவரை இல்லை. இருப்பவை நைலான், ரப்பர், மாவு. காப்புரிமை வாங்க முடியாத மூன்று.

அப்படியானால் எல்லா ஊரிலும் மாவுக்கட்டு போட்டுக்கொண்டிருக்க வேண்டும். 2008-இல் அமெரிக்காவின் பாத சிகிச்சை மையங்களைக் கேட்டுப் பார்த்தார்கள். பெரும்பான்மைப் புண்களுக்கு மாவுக்கட்டைப் பயன்படுத்தும் மையங்கள் 1.7 சதவீதம். ரத்த ஓட்டம் குன்றிய காலுக்கும் சீழ் கோத்த புண்ணுக்கும் கட்டுப் போடக் கூடாது என்பது உண்மை. கட்டுப் போடத் தேர்ந்த கை வேண்டும், தவறாகப் போட்டால் கட்டே புதுப் புண் உண்டாக்கும். உள்ளே என்ன நடக்கிறதென்று ஒரு வாரம் பார்க்க முடியாது என்று மருத்துவர் அஞ்சுகிறார். எல்லாம் நியாயமான காரணங்கள். ஆனாலும் 1.7-க்கு அவை போதாது. கழற்றக்கூடிய பூட்ஸை எழுதிக் கொடுத்து அனுப்புவது இருவருக்கும் சௌகரியம். புண் ஆறாவிட்டால் குற்றம் யார் தலையில் விழும் என்பதும் முன்கூட்டியே தீர்மானமாகிவிடுகிறது.

நோயாளியின் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. வலது காலில் கட்டோடு ஆட்டோவின் பிரேக்கை மிதிக்க முடியாது. நடவுக்குச் சேற்றில் இறங்க முடியாது, பாத்திரம் தேய்க்கிற வீட்டில் ஈரத் தரையில் நிற்க முடியாது. புண் ஆற ஆறு வாரமா எட்டு வாரமா என்பதைச் சோதனைகள் ஒரு தசமப் புள்ளி வரை பதிவு செய்திருக்கின்றன. அந்த வாரங்களுக்கு வீட்டு வாடகையை யார் கட்டினார்கள் என்று சொல்லும் அட்டவணை நான் படித்தவற்றில் இல்லை. வலி தெரியாதவரிடம் சும்மா இருக்கச் சொல்வது கடினம் என்று பிராண்டின் கையுறை காட்டியது. கூலி போகிறவரிடம் அதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்று அளக்க, கட்டுப் போட்ட வாரங்களுக்குக் கூலியையும் சேர்த்துக் கொடுத்து ஒரு சோதனை நடத்த வேண்டும். ஒரு விரலை எடுக்கும் அறுவைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், அந்தக் கூலி பெரிய தொகையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.